கையெழுத்திலிருந்து வந்த நாற்றம்

எங்கள் நெருஞ்சிப்பாளையத்தில் ஆடிட்டர் சென்னியப்பனின் கையெழுத்து நாற ஆரம்பித்தது ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. மணியைக்கூட விடாமல் சொல்வதற்குக் காரணம், அந்த நேரத்தில் நான் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் ஃபைலுக்காகக் காத்திருந்தேன். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் கொடுக்கும் சைசிங் பட்டறை என்னுடையது. புளித்த கஞ்சி நாற்றத்துக்கு நடுவில் முப்பது வருஷம் சோறு தின்றவன், எதற்கும் லேசில் முகம் சுளிக்க மாட்டேன். அவர் நாச்சிமுத்து மில்லின் தணிக்கை அறிக்கையை எடுத்து, மற்றப் பக்கங்களைக் கண்ணால்கூடத் தொடாமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, பச்சை மையில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் வட்ட முத்திரையை வைத்து அழுத்தி எடுத்தார். எடுத்ததும் காகிதத்திலிருந்து எழுந்து வந்தது பாருங்கள், கஞ்சித் தொட்டிக்குள் எலி விழுந்து செத்து ஒரு வாரம் யாரும் கவனிக்காமல் விட்ட மாதிரி ஒரு நாற்றம். காலையில் சாப்பிட்ட இட்லி எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

முதலில் எல்லோரும் எலியைத்தான் தேடினார்கள். பீரோக்களை நகர்த்தினார்கள், மேஜை டிராயர்களைக் கவிழ்த்தார்கள், ஏசி பெட்டியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள், புரட்டாசியும் அதுவுமாகக் கருவாடு சுடுகிறாயா என்று கீழ் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போய் அவருடைய அடுப்பையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கடைசியில் ஆபீசைக் கூட்டித் துடைக்கும் பழனாத்தாள்தான் ஈரத் துணியைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்துகொண்டே வந்து, நாச்சிமுத்து மில்லின் கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"எலி இல்லீங்க. கையெழுத்துங்க," என்றாள். சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த அறையைத் துடைக்கப் போனாள்.

அடுத்து வந்த மூன்று நாளும் சோதனை நடந்தது. ஆடிட்டர் வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், நாறவில்லை. பேரனுடைய ரேங்க் கார்டில் போட்டார், நாறவில்லை. பேனாவை மாற்றினார், மையை மாற்றினார், குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு வந்து போட்டார். அவருடைய மகன் தினகரன் தயார் செய்த அறிக்கையில் போட்டால் கூட்டலில் தப்பு இருந்ததே தவிர நாற்றம் இல்லை. கோகிலவாணி தயார் செய்த அறிக்கையில் போட்டால் மட்டும் குடலைப் பிடுங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஆபீசில் இருந்த அத்தனை பேருக்கும், டீ கொண்டுவந்து வைக்கிறவர் வரைக்கும், விஷயம் விளங்கிவிட்டது. எல்லோரும் அவரவர் ஃபைலுக்குத் திரும்பினார்கள்.

கோகிலவாணி யாரென்று சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஆடிட்டர் பரீட்சை முழுசாகப் பாஸ் பண்ணின முதல் பெண், அதுவும் முதல் தடவையிலேயே. பாஸ் பண்ணின வருஷம் ஊரில் பேனர் வைத்தோம், சால்வை போட்டோம், அவள் படத்தைப் பேப்பரில் போட வைத்தோம். அடுத்த வாரம் அவள் வேலை கேட்டுப் போனபோது சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி கல்யாணம் எப்போது என்பது. கல்யாணம் ஆன பிறகு கேட்டது குழந்தை எப்போது என்பது. குழந்தை பிறந்த எட்டாம் நாள் அவளைப் பார்க்கப் போன ஆபீஸ்காரர்கள் ஒரு கையில் ஆரஞ்சுப் பழமும் இன்னொரு கையில் நாச்சிமுத்து மில்லின் ஃபைலும் கொண்டுபோனார்கள். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதை முடித்துக் கொடுத்தாள். பதினாலு வருஷம் அந்த ஆபீசில் சம்பளத்துக்கு இருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று ஆண்கள் பார்ட்னர்கள் ஆகி வாசல் போர்டில் பெயர் ஏறினார்கள். அதில் ஒருவன் தினகரன். ஏழாவது தடவையில் அவன் பாஸானது கோகிலவாணி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததால். பார்ட்னர்தான் கையெழுத்துப் போட முடியும். அவளுக்குக் கொடுத்திருந்த ஆறு இலக்க உறுப்பினர் எண் ஒரு தரம்கூட எந்தக் காகிதத்திலும் ஏறியதில்லை. அந்த எண்ணை ஒரு காகிதத்தில், தன் பெயருக்குக் கீழே, தன் கையால் எழுத வேண்டும் என்பதைத் தவிர அவள் எங்களிடம் வேறெதையும் கேட்கவில்லை.

நாற்றத்தை ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா, ஊர் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை. நாறுவது சென்னியப்பனின் கையெழுத்து மட்டும் இல்லை என்பது தீபாவளிக்குள் தெரிந்துபோனது. ஊரில் இருந்த பதினொரு ஆடிட்டர்களில் ஒன்பது பேருடைய கையெழுத்து நாறியது, மிச்சம் இரண்டு பேர் பெண்களை வேலைக்கே வைப்பதில்லை. முதலில் ஃபைலுக்கு ஓர் ஊதுபத்தி என்று செருகிக் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கற்பூரம் தைத்த பிளாஸ்டிக் கவர் விற்று மாடி எடுத்துக் கட்டினார். ஸ்கேன் பண்ணி அனுப்பினால் நாறாது என்று நினைத்தார்கள், நாறியது. கோயமுத்தூரில் ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் திறந்து பார்த்துவிட்டு இலையை மூடிவிட்டு எழுந்தாராம். வரி ஆபீசில் பெரிய எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்வந்த சட்டையைத் தனியாக ஊறவைத்தார்கள். ஒரு வருஷத்தில் யாரும் அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்தினோம், இரண்டாம் வருஷத்தில் கைக்குட்டையை எடுப்பதையும் நிறுத்தினோம்.

மூன்றாம் வருஷத்தில்தான் கேவலம் முற்றியது. பேங்க் மேனேஜர், நல்ல மனுஷன், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறவர், வந்த அறிக்கைகளையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். நாறுகிற அறிக்கைகளில் ஒரு கணக்கும் தப்பாக இருப்பதில்லை. நாறாதவற்றில் ஆயிரம் ஓட்டை. அதனால் கடன் மனுவோடு வரும் அறிக்கையை அவர் படிப்பதை விட்டுவிட்டு மோந்து பார்க்க ஆரம்பித்தார். மூக்கைச் சுளிக்க வைத்தால் சாங்ஷன், சுளிக்காவிட்டால் திருப்பி அனுப்பினார். பிறகென்ன, நாற்றம் என்ற சொல் போய் வாசம் வந்தது, வாசம் போய்க் கனம் வந்தது. எங்கள் ஆடிட்டர் கையெழுத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அடிக்கும் என்று மில்காரர்கள் கல்யாண வீடுகளில் பெருமை பேசினார்கள். ரிட்டையரான தமிழ் வாத்தியார் ஒருவர் மேடையேறி, நாற்றம் என்றால் அந்தக் காலத்தில் நறுமணம்தான் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டுச் சால்வையோடு இறங்கினார். தினகரனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அவன் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி, குடும்பத்தோடு மோந்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள். அந்தக் காகிதமும் கோகிலவாணி தயார் செய்ததுதான்.

வருஷா வருஷம் மகளிர் தினம் வரும். அன்றைக்குச் சென்னியப்பன் ஆபீசில் வேலை பார்க்கும் ஏழு பெண்களும் ஒரே கலரில் சேலை கட்டிக்கொண்டு வர வேண்டும். போட்டோக்காரர் கோகிலவாணியை முன்வரிசையில் நடுவில் நிறுத்துவார். ஒரு வருஷம் அவள் கையில் பேனா வைத்துக்கொண்டு நின்றபோது, கால்குலேட்டர்தான் பொருத்தமாக இருக்கும் என்று பேனாவை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தார். அந்தப் படத்தைத்தான் ஆபீசின் வெப்சைட்டில் முதல் பக்கத்தில் போட்டார்கள், காலண்டரில் போட்டார்கள், ஏழு பேரில் ஒருத்தி பெயரும் இல்லாமல் எங்கள் மகளிர் அணி என்று கீழே அச்சடித்தார்கள். சென்னியப்பன் கேக் வெட்டி, பெண்கள் இல்லாவிட்டால் இந்த ஆபீசே இல்லை என்று கண் கலங்கப் பேசுவார். உண்மையிலேயே கலங்குவார், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேக்கைத் தின்றுவிட்டு அவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போடுவார், கேக்கில் இருந்த கிரீம் வாய்க்குள்ளேயே கெட்டுப்போன மாதிரி எங்களுக்கு ஆகும்.

அப்படி ஒரு மகளிர் தினத்தன்றுதான் அவள் வாய்விட்டுக் கேட்டாள். என்னுடைய ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவள், அதை மேஜையில் வைக்காமல் நின்றுகொண்டே, பதினாலு வருஷம் ஆகிறது, என்னைப் பார்ட்னராகச் சேர்க்க வேண்டும், நான் பார்த்ததில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். சென்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை. மகளிடம் பேசுகிற குரலில்தான் பேசினார்.

"பார்ட்னருன்னா சும்மாவா அம்மிணி? மார்ச் முப்பத்தொண்ணாந்தேதி மில்லு குடோன்ல நின்னு சரக்கு எண்ணோணும். ஆம்பளைங்களோட ஆம்பளையா நிக்கோணும். குடோனே பாக்காதவ கையெழுத்துப் போட்டா ஊரு சிரிக்காதா?"

"என்னைய குடோனுக்கு அனுப்ப வேண்டாம்னு சொன்னது நீங்கதானுங்களே சார்."

"அது உன்ற நல்லதுக்குத்தான் அம்மிணி."

என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, யாரும் அனுப்பாமலே, அவள் நாச்சிமுத்து மில் குடோனுக்குப் போய் நின்றாள். வருஷக் கடைசியில் இருக்கும் சரக்கை ஆடிட்டர் ஆபீஸ் ஆள் நேரில் எண்ணிப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். மில்காரர் கொடுக்கிற பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அவர் சொல்கிற எண்ணிக்கையை எழுதிக்கொண்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். குடோன்காரர் அவளை மறித்தார். நூல் மூட்டைக்கு மேல் பொம்பளை கால் படக் கூடாது, தறி நின்றுபோகும் என்றார். அந்த மூட்டைகளில் இருந்த நூலை நூற்றது பெண்கள், மூட்டை கட்டினது பெண்கள், முதுகில் சுமந்து அடுக்கினதும் பெண்கள். அப்போதெல்லாம் தறி நிற்கவில்லை, நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெண் ஏறினால் மட்டும் நிற்குமாம். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மேலே போய்ப் பார்த்தால் முன்னால் இரண்டு வரிசைதான் நூல் மூட்டை, பின்னால் குடோன் சுவர் வரைக்கும் கழிவுப் பஞ்சைத் திணித்து வைத்திருந்தது. பத்து வருஷமாக எங்கள் ஊர் ஆண்கள் கீழேயிருந்து எண்ணிக்கொண்டு போன சரக்கு அது.

அவள் கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதினாள். சென்னியப்பன் முதல் முறையாக ஓர் அறிக்கையை முழுசாகப் படித்தார். அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்தை மறுபடி அச்சடிக்கச் சொல்லி, மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எழுந்த நாற்றம் பைபாஸ் ரோடு வரைக்கும் போனது, லாரிகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓடின. பேங்க் மேனேஜர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று அந்த அறிக்கையை வாங்கினார். நாச்சிமுத்து ஊருக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தார். கோகிலவாணி அன்று சாயங்காலம் தன் டிபன் பாக்சையும் மேஜையில் இருந்த மகளின் போட்டோவையும் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

தேர்முட்டித் தெருவில் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, கோகிலவாணி, ஆடிட்டர் என்று தன் பெயரில் போர்டு மாட்டினாள். யார் போவார்கள்? சரோஜா போனாள். எட்டு வருஷம் நாச்சிமுத்து மில்லில் கூலிக்கு இருந்து, மூன்று பழைய தறியை வைத்துத் துண்டு ஓட்டிக்கொண்டிருந்த சரோஜா, புதுத் தறி நான்கு வாங்கக் கடன் கேட்டிருந்தாள். கோகிலவாணி அவளுடைய ரசீதுகளையெல்லாம் எடுத்து வைத்து இருபது நாள் உட்கார்ந்து அறிக்கை தயார் செய்தாள். கடைசிப் பக்கத்தில் தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே அந்த ஆறு இலக்க எண்ணை எழுதினாள். மனப்பாடமாக இருந்த எண்தான், ஆனாலும் ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள் என்று சரோஜா பிறகு என்னிடம் சொன்னாள்.

பேங்க் மேனேஜர் அதைக் கையில் வாங்கினார், மூக்கருகே கொண்டுபோனார், திருப்பி மோந்தார்.

"ஏம்மா, இத யாரு பாத்தது? ஒண்ணுமே வரலியே."

"நான்தாங்க பாத்தேன். நான்தான் கையெழுத்தும் போட்டேன்."

"அதாம்மா பிரச்சினை," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "இத வச்சுக்கிட்டு நான் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது?"

இப்படியே பத்து மாதம் ஓடியது. மூன்று முறை கொடுத்து மூன்று முறையும் திரும்பி வந்தது. அவளிடம் தலை காட்டின ஒன்றிரண்டு பேரும் ஃபைலை வாங்கி மோந்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, நழுவினார்கள். அந்தச் சமயத்தில்தான் யாழினி வேலை கேட்டு வந்தாள். பரீட்சை பாஸ் பண்ணி இரண்டு வருஷம் ஆகியும், இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்ததால், ஐந்து ஆபீசில் அடுத்த குழந்தை எப்போது என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கோகிலவாணி எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டாள். கையெழுத்து விஷயமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேலையைப் பழகு என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைக்கவில்லை.

மறு புரட்டாசியில் கோகிலவாணியின் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு, அறிக்கை கொடுக்கும் கெடு முடிகிற நாளன்று மத்தியானம் ஓடிவந்தாள். சரோஜாவின் அறிக்கையை யாழினி புதிதாகத் தயார் செய்து மேஜையில் வைத்திருந்தாள். நேரமில்லை. கோகிலவாணி கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டு, எண்ணை எழுதி, முத்திரையை வைத்து எடுத்தாள்.

கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

பேங்க் மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். அந்த வாரமே சரோஜாவுக்குக் கடன் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை மருந்துக்கடைப் படியில் பதினேழு பேர் ஃபைலோடு வரிசையில் நின்றோம். ஆமாம், நானும் நின்றேன். எல்லோருக்கும் முன்னால், ஒரு சீப்புப் பழமும் சந்தன மாலையுமாக, சென்னியப்பன் ஏறி வந்தார். மாலையை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்ற எங்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"இப்பத்தானுங்க ஆடிட்டரம்மா, நீங்க நம்மள்ல ஒருத்தரு."

அவர் அவளை அம்மிணி என்று கூப்பிடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. நீங்க என்று சொன்னதும் அதுதான். கோகிலவாணியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான் இருக்கும், ஆனால் பதினைந்து வருஷம் காத்திருந்த ஒன்று கிடைத்த சந்தோஷம் அது, மறைக்க முடியாது. பிறகு அவள் திரும்பி, மூலையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சரோஜாவின் கணக்கு நோட்டை எழுதிக்கொண்டிருந்த யாழினியைப் பார்த்தாள். எழுந்து வாஷ்பேசினுக்குப் போனாள். குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி அவள் வாந்தியெடுப்பதை நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். மயக்கமாக இருக்கும், பாவம், ஆஸ்பத்திரி அலைச்சல் என்று சென்னியப்பன் எங்களுக்குச் சமாதானம் சொன்னார்.

முதல் காரியமாக அவள் சரோஜாவின் வீட்டுக்குப் போய், அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கி யாழினி பெயரில் வேறு போட்டுத் தருகிறேன் என்றாள். சரோஜா புதுத் தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க மேடம், உங்க மூக்குக்காக என்ற தறிய நிறுத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். கோகிலவாணி வந்த வழியே திரும்பினாள். அந்தக் கையெழுத்து இன்றைக்கும் பேங்க் பீரோவுக்குள் நாறிக்கொண்டு கிடக்கிறது, அவளுடைய பெயரில்.

இரண்டாவது காரியத்தை யாரும் தடுக்க முடியவில்லை. யாழினியைப் பார்ட்னராகச் சேர்த்துப் பத்திரம் எழுதினாள். வரிசையில் நின்ற எங்களிடம், யார் பார்க்கிறார்களோ அவர்கள்தான் கையெழுத்துப் போடுவார்கள், இஷ்டம் இருந்தால் இருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஒரு மாதம் கழித்து எங்கள் ஃபைல்கள் தயாரானபோது, எங்கள் பதினேழு பேர் ஃபைலையும் அவர்கள் இரண்டு பேரும் பிரித்துப் பார்த்துத் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்னுடையதில் யாழினியின் பெயர் இருந்தது. கொஞ்சம் கோணலான, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்ட மாதிரி கையெழுத்து. மூக்கோடு ஒட்டிவைத்து மோந்தேன். காகித வாடை, மை வாடை, வேறொன்றும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து மூக்குக்கு ஒரு நிம்மதி. பட்டறைக்குப் புது பாய்லர் வாங்க நான் கடன் கேட்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஃபைலை மோந்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோகிலவாணியின் கண்ணைப் பார்க்காமல் படியிறங்கினார்கள். இவ்வளவு நேரம் ஊரைக் காறித் துப்பிக்கொண்டிருந்தேனே, நானும் இறங்கினேன்.

பாதிப் படியில் யாழினி பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்க எங்க போறீங்கன்னு தெரியுமுங்க. ஏழாம் பக்கத்துல பாய்லர் தேய்மானத்த போன வருசம் தப்பாப் போட்டிருந்தாங்க, நான் சரி பண்ணியிருக்கேன். அவரு பழையபடியே போட்டுறப் போறாரு. அத மட்டும் சொல்லிருங்க, இல்லாட்டி உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும்."

சரிம்மா என்றேன். தெருவைத் தாண்டி சென்னியப்பன் ஆபீசுக்குப் போய் ஃபைலைக் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கத்தை உருவி எடுத்துக் கசக்கிப் போட்டுவிட்டு, தினகரனிடம் சொல்லி வேறொரு பக்கத்தை அச்சடித்துச் சேர்த்தார். ஏழாம் பக்கத்து விஷயத்தைச் சொன்னேன். ஆமாம், அதை நான்தான் கவனித்துச் சரி பண்ணச் சொன்னேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்தினார். நாற்றம் எழுந்து அறையை நிறைத்து, என் சட்டையில் ஏறி, வாய்க்குள் இறங்கியது. நான் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ரொம்ப நன்றிங்க என்றேன். மூக்கைப் பொத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.